நீரில் விழும் படகும் கணினியில் விழும் படகும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளுக்கு முன் உங்கள் வாசகர் பக்கத்தில் வந்த ஒரு கடிதத்தைப் பற்றி எழுதுகிறேன். பல்கலைக்கழகம் போகும் பிள்ளைகள் கணினியில் தண்ணீரை ஓட விட்டு, அதற்குள் பொருளைப் போட்டு எடுத்துப் படம் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், இதற்கா நாங்கள் வரி கட்டுகிறோம் என்று அந்த அன்பர் கேட்டிருந்தார். கடலை அறிய வேண்டுமென்றால் கடலுக்குத்தான் போக வேண்டும் என்றும் எழுதியிருந்தார்.

அவருடைய ஆதங்கம் எனக்கு விளங்குகிறது. ஆனால் அவர் சொன்னது பிழை. நான் மட்டக்களப்பு பாலமீன்மடுவில் 26 வருடமாகப் பைபர் படகு திருத்துகிறவன். படித்தது சாதாரண தரம் வரைக்கும். என் கை முழுக்க ரெசின் பட்ட தழும்பு. அப்படிப்பட்ட நானே சொல்கிறேன்: ஒரு பொருள் தண்ணீரில் விழும்போதும் தண்ணீரை விட்டு எழும்பும்போதும் என்ன நடக்கிறது என்று கணினி கணக்குப் போட்டுக் காட்டியதால்தான், வருடக்கணக்காக என் நெஞ்சில் கிடந்த ஒரு கேள்விக்கு விடை கிடைத்தது. கடிதம் நீண்டு போனால் பொறுத்துக்கொள்ளுங்கள். சுருக்கிச் சொல்லக்கூடிய விசயம் இல்லை.

2011ஆம் ஆண்டு ஐப்பசியில் ஒரு 18 அடிப் படகு என் கொட்டிலுக்கு வந்தது. சொந்தக்காரர் எனக்கு அண்ணன் முறை. முன்பக்கமான அணியத்தில் இருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில், அடியில் நீளத்துக்கு ஓடும் ஏராவுக்கு வலப்பக்கமாக, உள்ளங்கை அகலத்தில் வெடிப்பு. வெளியே பார்த்தால் சிலந்தி வலை போல மயிர்க்கோடுகள். உள்ளே ரெசின் வெளுத்து, நகத்தால் சுரண்டினால் தூளாக வந்தது. பத்து ரூபாய்க் குற்றியால் தட்டிப் பார்த்தேன். நல்ல இடம் ‘டிங்’ என்று திருப்பிச் சொல்லும். பைபர் படைகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்த இடம், அதாவது படை விட்ட இடம், ‘டொக்’ என்று அடங்கிப் போகும். அந்த ‘டொக்’ வெடிப்பைத் தாண்டி ஒரு முழம் வரைக்கும் கேட்டது. கிரைண்டரால் சீவி, அசிற்றோனால் துடைத்து, பைபர் மாட் என்ற இழைப்பாய் ஐந்து படையும் இடையிடையே ரோவிங் என்ற நெய்த இழைத்துணி இரண்டு படையும் போட்டேன். சுற்றியுள்ள இடத்தைவிட இரண்டு மடங்கு தடிப்பு. ‘இனி இந்த இடம் வெடிக்காது அண்ணன்’ என்று சொல்லித்தான் கொடுத்தேன்.

அந்த இடம் வெடிக்கவில்லைதான். மூன்றாம் மாதம், மார்கழிக் கடலில், என் ஒட்டு முடிகிற ஓரத்தில் கத்தியால் கீறிய மாதிரி நேர்கோடாகப் பிளந்தது. அண்ணனும் அவருடைய மகனும் மட்டும் படகில். ஒருவர் எஞ்சினைப் பிடிக்க மற்றவர் வாளியால் இறைக்க, இரண்டு மணித்தியாலம் இறைத்து இறைத்து முகத்துவாரத்துக்கு வந்து சேர்ந்தார்கள். கரையில் நின்று கயிறு பிடித்தவர்களில் நானும் ஒருவன். அவர் என்னை ஒரு சொல் ஏசவில்லை. ‘இதுல என்ன மனே இருக்கு, கடல் அடிச்சா வெடிக்கும்தானே’ என்றார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. படகைச் செய்த இடத்தில் போய்க் கேட்டதற்கு, நீங்கள் வேகமாக ஓட்டுகிறீர்கள் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்கள்.

அன்றைக்கு ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கினேன். அதற்குப் பிறகு என்னிடம் வந்த ஒவ்வொரு படகின் அடியையும் அதில் வரைந்து, வெடிப்பு எங்கே, எவ்வளவு நீளம், எந்த மாதம், எஞ்சின் எத்தனை குதிரை வலு என்று எழுதி வைத்திருக்கிறேன். இப்போது மூன்று கொப்பி நிரம்பிவிட்டது. சுனாமிக்குப் பிறகு பல பக்கத்தில் இருந்தும் எங்களுக்குப் படகுகள் வந்தன. கொடுத்தவர்களின் மனதை நாங்கள் மறக்க மாட்டோம். ஆனால் அவை எல்லாம் ஒரே அடிவடிவம் இல்லை. சிலது நன்றாக ‘வி’ வடிவில் கூர்த்தது, சிலது பெட்டிபோலத் தட்டையானது. தட்டை அடிப் படகுகள்தான் என்னிடம் முதலில் வந்தன, திரும்பத் திரும்ப வந்தன. ஏன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. கை கண்டதை வாய் சொல்ல முடியாமல் இருந்தது.

என் அக்காவின் மகள் பொறியியல் படிக்கிறாள். ஒரு விடுமுறைக்கு வந்தபோது கொப்பிகளைப் புரட்டிப் பார்த்தவள், ‘மாமா, இதெல்லாம் ஒரே இடத்திலதானே வெடிச்சிருக்கு?’ என்றாள். பிறகு கொட்டிலின் சீமெந்து நிலத்தில் சோக்கால் ஒரு ‘வி’ வரைந்தாள். அதற்குக் கீழே ஒரு அரைவட்டம் போட்டாள். அந்த அரைவட்டம்தான் கதை முழுவதும்.

1929இல் தியோடர் வொன் கார்மன் என்ற அறிஞர், கடல் விமானம் நீரில் இறங்கும்போது அதன் மிதவையில் எவ்வளவு அடி விழும் என்று கணக்குப் போட்டார். அவருடைய எண்ணம் இதுதான். விழுகிற பொருள் தண்ணீரைத் தொட்டவுடன் கொஞ்சம் தண்ணீரையும் தன்னோடு கீழே தள்ள வேண்டி வருகிறது. ஓடுகிறவன் கையில் திடீரென்று ஒரு நெல் மூட்டையைக் கொடுத்தால் அவன் வேகம் குறையும் அல்லவா, அதே மாதிரி. சோக்கால் வரைந்த அரைவட்டம்தான் அந்த மூட்டை. நனைந்த அகலம் எவ்வளவோ அவ்வளவு விட்டம். அடி கூர்மையாக இருந்தால் படகு இறங்க இறங்க மூட்டை மெல்ல மெல்லப் பாரமாகும். அடி தட்டையாக இருந்தால் தொட்ட மாத்திரத்தில் முழு மூட்டையும் கையில் விழும். கல்லடிப் பாலத்தில் இருந்து குதித்து வயிறு அடிபட்ட எந்தப் பையனுக்கும் இதைச் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை.

மூன்று வருடம் கழித்து, 1932இல், ஹேர்பட் வாக்னர் இன்னொன்றைச் சேர்த்தார். படகு இறங்கும்போது பக்கத்துத் தண்ணீர் சும்மா நிற்பதில்லை, பலகையோடு மேலே ஏறுகிறது. அப்படி ஏறி, மெல்லிய தகடாகச் சீறி வெளியே பாயும் இடத்தின் அடிவேரில்தான் மிகக் கூடிய அமுக்கம் இருக்கிறது. படகு இறங்க இறங்க அந்த இடம் ஏராவில் இருந்து வெளிப்பக்கமாக ஓடும்.

பிள்ளை எனக்காக ஒரு கணக்குப் போட்டுக் காட்டினாள். அரை மீற்றர் உயரத்தில் இருந்து படகு விழுகிறது என்று வையுங்கள். மாரிக்கடலில் அது ஒரு உயரமே இல்லை. நீரைத் தொடும்போது வேகம் செக்கனுக்கு 3 மீற்றருக்குக் கொஞ்சம் மேல். அடிப்பலகை கிடைமட்டத்தில் இருந்து 20 பாகை சரிந்திருந்தால், வாக்னரின் சூத்திரப்படி அந்த ஓடும் இடத்தில் ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு ஏறக்குறைய 1 கிலோ பாரம். சரிவு 10 பாகையாகக் குறைந்தால் ஏறக்குறைய 4 கிலோ. சரிவு பாதியானால் அடி நான்கு மடங்கு! பெருவிரல் நகம் அளவு இடத்தில் 4 கிலோ. நான் கொப்பியைத் திறந்து, தட்டை அடிப் படகுகளின் பக்கங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் இருந்தேன்.

இந்த விசயம் கடல் விமானத்தில் தொடங்கியது எனக்குப் பொருத்தமாகத்தான் படுகிறது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் தெற்கே கொக்கல வாவியில் கற்றலீனா என்ற கடல் விமானங்கள் இறங்கி ஏறின. எங்கள் கடலடியில் கிடக்கும் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலான ஹேர்மிஸை 1942 ஏப்ரல் 9இல் மூழ்கடித்த ஜப்பானியப் படையை, ஐந்து நாளுக்கு முன்பே நடுக்கடலில் கண்டது கொக்கலவில் இருந்து பறந்த அப்படி ஒரு கற்றலீனாதான். கடல் விமானங்களுக்குப் போட்ட கணக்கு இன்றைக்கு எங்கள் 18 அடிப் படகுக்கும் பொருந்துகிறது.

சரி, சூத்திரம் இருக்கும்போது கணினி எதற்கு? அந்த அன்பரும் இதைத்தான் கேட்பார். சூத்திரத்தில் வரும் படகு ஒரே சீரான ‘வி’. அசையாத தண்ணீரில் நேராக விழுகிறது. எங்கள் படகு அணியம் தூக்கி, ஒரு பக்கம் சரிந்து, வளைந்த அடியோடு, வளைந்த அலையின் மேல் விழுகிறது. அதற்குக் கையால் கணக்குப் போட ஆள் இல்லை.

கணினியில் தண்ணீரை வைக்க இரண்டு பெரிய வழி இருக்கிறது என்று விளங்கிக்கொண்டேன். ஒன்று, இடம் முழுவதையும் மீன்வலைக் கண் மாதிரிச் சின்னச் சின்னப் பெட்டிகளாகப் பிரிப்பது. ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு எண். முழுக்கத் தண்ணீர் என்றால் 1, முழுக்கக் காற்று என்றால் 0, பாதிப் பாதி என்றால் 0.5. இப்படி எண்ணை வைத்தே நீர்மட்டம் எங்கே என்று கண்டுபிடிக்கலாம். 1981இல் ஹேர்ட், நிக்கல்ஸ் என்ற இருவர் எழுதிய முறை அது. இரண்டாவது வழி எனக்கு நெருக்கமானது. அதில் தண்ணீரைக் குரக்கன் மணி போலத் துகள்களாகப் பிரிக்கிறார்கள். ஒவ்வொரு மணியும் பக்கத்து மணிகளைப் பார்த்து, எவ்வளவு நெருக்கம், எவ்வளவு அமுக்கம், எந்தப் பக்கம் நகர வேண்டும் என்று முடிவெடுக்கிறது. 1977இல் வானியல் ஆட்கள் நட்சத்திரங்களைக் கணக்கிட உண்டாக்கிய முறை. அதே ஆட்களில் ஒருவரான மொனகன், 1994இல் அலைக்கும் நீர்மட்டத்துக்கும் அதைக் கொண்டுவந்தார். தண்ணீர் சிதறி, பிய்ந்து, திரும்பச் சேரும் வேலைக்கு இது நல்ல தோதானது. வலைக்கண் எதுவும் இல்லாததால் பிய்ந்தாலும் மணி மணிதான்.

இதற்கான மென்பொருள்கள் இலவசம். ‘ஓப்பன்ஃபோம்’ என்பது பெட்டி முறை, ‘டுவல்எஸ்பிஹெச்சிக்ஸ்’ என்பது மணி முறை. ஓப்பன்ஃபோமை எல்லோரும் எடுத்துப் பாவிக்கலாம் என்று வெளியே விட்டது 2004 டிசம்பரில் என்று பிள்ளை சொன்னபோது நான் வேலையை நிறுத்திவிட்டேன். அந்த மாதம் 26ஆம் திகதி நாங்கள் கல்லடியிலும் திருச்செந்தூரிலும் நாவலடியிலும் எங்கள் ஆட்களைத் தேடிக்கொண்டிருந்தோம். தண்ணீரின் கணக்கு அதே மாதம் உலகத்துக்குப் பொதுவாகக் கிடைத்திருக்கிறது. கிடைத்தது எங்களுக்குத் தெரிய இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது.

அவளுடைய மடிக்கணினியில் முதல் ஓட்டம் ஓடிய இரவு எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. மீற்றரில் பாதி அகலமான ஒரு ‘வி’, வெட்டுமுகமாக மட்டும். சாப்பிட்டுவிட்டு ஓட விட்டாள், விடியும் வரைக்கும் ஓடியது. காலையில் பார்த்தால் மணிகள் நாலு பக்கமும் வெடித்துச் சிதறிக் கிடந்தன. பட்டாசுக் கட்டில் நெருப்பு வைத்த மாதிரி. ‘நேர அடியைப் பெரிசா வைச்சிட்டேன் மாமா’ என்றாள். கணக்கு ஒவ்வொரு தடவையும் முன்னே தாண்டும் நேரத் துண்டுதான் நேர அடி. அதைப் பாதியாகக் குறைத்து மறுபடியும் ஓட விட்டாள். அன்று இரவுதான் நான் அதைக் கண்டேன்.

தண்ணீர் நீலம். அமுக்கம் ஏற ஏறப் பச்சை, மஞ்சள், சிவப்பு. ‘வி’யின் நுனி தொட்டதும் ஏராவில் சிவப்பாக ஒரு பொட்டு. அடுத்த படத்தில் பொட்டு இரண்டாகப் பிரிந்து இரண்டு பக்கமும் நகர்கிறது. அதற்கு முன்னால் மெல்லிய நீர்த்தகடு பலகையோடு ஒட்டி மேலே ஏறுகிறது. சிவப்பு அந்தத் தகட்டின் அடிவேரைத் துரத்திக்கொண்டே போகிறது. அது கடந்து போன இடம் உடனே மஞ்சளாகி, பச்சையாகி, அடங்கிவிடுகிறது. ஓரம் வரைக்கும் போய்ச் சேர, ஒரு செக்கனை நூறாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு. அதை அவள் நூறு மடங்கு மெதுவாக்கிக் காட்டினாள். 26 வருடமாக நான் தடவிக்கொண்டிருந்த வெடிப்பை உண்டாக்கிய கையை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அப்புறம் பலகையையும் வளையக்கூடிய பொருளாகக் கணக்கில் சேர்த்தாள். நான் 2011இல் போட்ட ஒட்டை அப்படியே போடச் சொன்னேன்: நடுவில் இரண்டு மடங்கு தடிப்பு, ஓரத்தில் ஒரே வெட்டு. சிவப்புக் கோடு ஓடிவருகிறது. மெல்லிய பலகை அதற்கு அசைந்து கொடுக்கிறது. தடித்த ஒட்டு அசையவே இல்லை. அசைகிறதுக்கும் அசையாததுக்கும் இடையில் உள்ள அந்த ஒரு விரல் இடத்தில்தான் முழு வளைவும் போய் விழுகிறது. அண்ணனின் படகு பிளந்த அதே கோடு. நான் எழும்பி வெளியே போய் வாவிப் பக்கம் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

இப்போது நான் ஒட்டுப் போடும் விதமே வேறு. ஓரத்தை நீளமாகச் சரித்துச் சீவி, ஒவ்வொரு படையையும் முந்தைய படையைவிட இரண்டு விரல் அகலமாகப் போடுகிறேன். தடிப்பு கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, கொஞ்சம் கொஞ்சமாக இறங்க வேண்டும். தொழில் தெரிந்த சிலர் முன்பே இப்படிச் செய்கிறார்கள். எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, காரணம் தெரியாததால் நானும் தேடவில்லை. இரண்டு மாரி கடந்திருக்கிறது, ஓரத்தில் பிளந்து ஒரு படகும் இன்னும் திரும்பி வரவில்லை. இன்னும் சில மாரி பார்த்துத்தான் உறுதியாகச் சொல்வேன்.

அந்த அன்பர் சொன்னதில் ஒரு நியாயம் இருக்கிறது, அதையும் மறைக்கக் கூடாது. கணினி பிழையான கணக்கையும் அழகான படமாகத்தான் காட்டும். ஆகவே நாங்கள் அதை நம்பி இருந்துவிடவில்லை. கொட்டிலில் கிடந்த நீலத் தண்ணீர்த் தாங்கியை நடுவில் அறுத்துத் தொட்டியாக்கினேன். 20 பாகையில் ஒன்றும் 10 பாகையில் ஒன்றுமாக இரண்டு ‘வி’ பைபரில் வார்த்தேன். மேலே கப்பி கட்டி, அரை மீற்றர் உயரத்தில் இருந்து விழ விட்டோம். போனில் மெதுவோட்ட வீடியோ எடுத்தோம். விழும் பக்கத்தில் கணினியும் தொட்டியும் நன்றாக ஒத்துப் போயின. நீர்த்தகடு ஏறும் வேகம் ஏறக்குறைய ஒன்று. தகட்டின் நுனி மட்டும் வேறு. உண்மைத் தண்ணீரில் அது திவலை திவலையாக உடைந்து போனது, கணினியில் தனித்தனி மணியாகக் கொட்டியது. படகில் விழும் அடியைப் பொறுத்தவரை அது பெரிய விசயம் இல்லை.

எழும்பும் பக்கம்தான் வித்தியாசம் காட்டியது. வாளியைக் கவிழ்த்துக் கிணற்றில் அமிழ்த்தி மேலே இழுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், தண்ணீர் லேசில் விடாது. நீர்மட்டத்துக்கு மேலே வந்த பிறகும் வாயோடு ஒட்டிக்கொண்டு ஒரு தூணாக எழும்பி, பிறகுதான் ‘பொளக்’ என்று விழும். விழுவதைத் திருப்பி ஓட்டினால் எழும்புவது வராது. விழும்போது தண்ணீர் தள்ளுகிறது, எழும்பும்போது பிடித்து இழுக்கிறது. தண்ணீருக்குள்ளே நகரும் எந்தப் பொருளும் வேகம் எடுக்கும்போது கூடவே தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகிறது. உருண்டை என்றால், அது இடம்பெயர்க்கும் நீரின் பாதித் திணிவு கூடச் சேரும். மேலே வரும்போது அந்தக் கூட்டாளியை எந்த இடத்தில் கைவிடுகிறது என்பதுதான் சிக்கல்.

தொட்டியில் 10 பாகை ‘வி’யைக் கயிற்றால் வேகமாக இழுத்தபோது பலகைக்குக் கீழே தண்ணீர் ஒரு சாண் உயரத்துக்குத் திரையாக எழும்பி வந்தது. கணினியில் அப்படி வரவில்லை. பலகை நீர்மட்டத்தைத் தாண்டியவுடன் மணிகள் கையை விட்டுவிட்டன, இடையில் வெறும் குழி. மணி முறையில் தள்ளுவதைக் கணக்கிடுவது சுலபம், இழுப்பதைக் கணக்கிடுவது கடினம் என்று பிள்ளை சொன்னாள். அமுக்கம் குறையும் இடத்தில் மணிகள் ஒன்றோடொன்று கூட்டம் கூட்டமாகத் திரண்டு இடைவெளி விட்டுவிடுமாம். காற்றையும் கணக்கில் சேர்த்தால் தேவலை, ஆனால் காற்றின் அடர்த்தி கன மீற்றருக்கு 1.2 கிலோ, தண்ணீரின் அடர்த்தி 1000 கிலோ. இரண்டையும் ஒரே தொட்டியில் போட்டால் கணக்குத் தடுமாறும். தட்டையான பலகை விழும்போதும் இதே சிக்கல்தான். அடியில் காற்றுச் சிறைப்பட்டு மெத்தையாக நின்று அடியைக் குறைக்கும். காற்றே இல்லாத கணக்கு அதை அறியாது.

படகு அலையின் முடியைத் தாண்டி வெளியே பாயும்போது அடியை உறிஞ்சுகிற அந்த இழுப்பு, படை விட்ட ஃபைபரை எவ்வளவு பாடுபடுத்துகிறது? என் கொப்பியில் வெளிப்படை மட்டும் உரிந்து வந்த படகுகள் இருக்கின்றன. அடித்தது காரணமா இழுத்தது காரணமா என்று எனக்குக் கணக்கோடு பார்க்க வேண்டும்.

இதற்குத்தான் பல்கலைக்கழகம் வேண்டும். மடிக்கணினியில் வெட்டுமுகம் ஓடும், முழுப் படகு ஓடாது. மணியின் அளவைப் பாதியாக்கினால் முழு வடிவத்தில் மணிகளின் எண்ணிக்கை 8 மடங்காகும். நேர அடியும் பாதியாக வேண்டும். ஆக 16 மடங்கு வேலை. ஒரு இரவு ஓடியது 16 இரவு ஓட வேண்டும். இன்னொரு தடவை பாதியாக்கினால் 256 இரவு. வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது, பௌதிகமும் கணிதமும் படிப்பிக்கிறார்கள். ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பீடம் இருக்கிறது, பக்கத்திலேயே கடல். இரண்டு இடத்தாரிடமும் உங்கள் பத்திரிகை மூலம் கேட்கிறேன். இறுதி வருடப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் ஆய்வில் எங்கள் படகு ஒன்றைக் கொடுங்கள். ஒருவருக்கு 18 அடிப் பைபர் படகு, இன்னொருவருக்கு கரைவலைத் தோணி, வேறொருவருக்கு வாவித் தோணி. கடலில் ஓடும் படகின் அடியில் அமுக்கமானி பொருத்தி அளக்க வேண்டும். நாங்கள் போனைப் படகில் கட்டிக் குலுக்கத்தை அளந்து பார்த்தோம். அந்தப் போனுக்கு அவ்வளவு வேகம் இல்லை, அது பார்க்க முன்னமே அடி வந்து போய்விடுகிறது.

கணினிக்குள் போட எங்கள் படகின் வடிவம் வேண்டுமே என்று நானும் பிள்ளையும் தேடினோம். எங்களுக்குக் கிடைக்கவில்லை. பிறகு நாங்களே அளந்தோம். ஒரு 18 அடிப் படகைக் கவிழ்த்து, நீர்மட்டம் பார்த்து, ஒவ்வொரு அடிக்கும் ஒரு குறி போட்டு, கயிறும் தூக்குக் குண்டும் வைத்து, ஏராவில் இருந்து விளிம்பு வரைக்கும் அளவெடுத்தோம். 19 வெட்டுமுகம். இரண்டு நாள் பிடித்தது. என் கை அடியைத் தடவிக்கொண்டே போனபோது, அணியத்தில் 30 பாகைக்கு மேல் இருந்த சரிவு மூன்றில் ஒரு பங்கில் சட்டென்று குறைவதை விரலே உணர்ந்தது. அலையில் இருந்து விழும்போது முதலில் தண்ணீரைச் சந்திக்கும் தட்டையான இடம் அதுதான். வெடிப்புகள் ஏன் அங்கேயே வந்தன என்பதற்கு அந்தப் படகிலேயே பதில் எழுதியிருந்தது.

படகு செய்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் அச்சின் அளவைத் தந்தால் தொழில் போய்விடும் என்று பயப்படாதீர்கள். அந்த ஒரு இடத்தில் சரிவை ஐந்து பாகை கூட்டினால் அடி எவ்வளவு குறையும், படகு எவ்வளவு ஆழமாக அமரும், எண்ணெய் எவ்வளவு கூடச் செல்லும் என்று ஒரு அச்சும் வெட்டாமல் பார்க்கலாம். புது அச்சுச் செய்கிற செலவு உங்களுக்குத்தான் தெரியும்.

உயர்தரப் பௌதிகவியல் படிப்பிக்கும் ஆசிரியர்களும் இதைக் கவனிக்க வேண்டும். உந்தமும் மேலுதைப்பும் பிள்ளைகள் பாடமாக்கிக்கொண்டு போகிறார்கள். ஒரு தொட்டி, ஒரு பலகை, ஒரு போன் இருந்தால் அதே பாடம் கண்முன்னே நடக்கும். இந்த மென்பொருள்களைப் பாவிப்பது எப்படி என்று தமிழில் ஒரு சின்னக் கைநூல் யாராவது எழுதினால் என் போன்றவர்களின் பிள்ளைகளுக்கு எவ்வளவு உதவி.

வருகிற புரட்டாதியில், மழை பிடிக்க முன், ஒரு கரைவலைத் தோணியை அளக்க இருக்கிறோம். சொந்தக்காரர் சம்மதம் தந்துவிட்டார். மாணவர்களோ ஆசிரியர்களோ வர விரும்பினால் பத்திரிகை அலுவலகத்துக்கு ஒரு கடிதம் போடுங்கள், அவர்கள் எனக்குத் தெரிவிப்பார்கள். 19 வெட்டுமுகத்தின் அளவுகளையும் பிரதி எடுத்துத் தருகிறேன். கொப்பிகளைப் பக்கம் பக்கமாகப் படம் பிடித்துக்கொண்டு போகலாம். கொப்பிகள் மட்டும் கொட்டிலிலேயே இருக்கட்டும். நேற்றும் ஒரு படகு வந்தது, எழுத வேண்டும்.

இப்படிக்கு,
படகு திருத்துநர் ஒருவர்,
பாலமீன்மடு,
மட்டக்களப்பு.